ஃபேக்டரி ரேட்

ஆண்டுக்கு ஒருமுறை, செப்டம்பர் மாதத்தில், சொந்தக்காரர்களுக்கு என் ஞாபகம் வரும். காதுகுத்துக்கும் கல்யாணத்துக்கும் பத்திரிகையை வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறவர்கள், அந்த மாதத்தில் மட்டும் கூப்பிட்டு வாய் நிறையப் பேசுவார்கள். மழை உண்டா, பையன் என்ன படிக்கிறான், முழங்கால் வலி தேவலையா என்று ஊரைச் சுற்றிவிட்டுக் கடைசியில் விஷயத்துக்கு வருவார்கள். ஐபோன் 17 வந்த சமயம் என் மனைவியின் சித்தப்பா உசிலம்பட்டியிலிருந்து கூப்பிட்டார்.

"மாப்ள, அந்தப் போன உங்க ஊர்லதான செய்றாய்ங்க?"

"ஆமாங்க மாமா, பக்கத்துலதான்."

"அப்ப ஃபேக்டரி ரேட்டுல ஒண்ணு எடுத்துவிடுங்களேன். காசு கையோட குடுத்துர்றேன்."

சேரப்பணஞ்சேரி பஸ் ஸ்டாப்பை ஒட்டி நான் வைத்திருப்பது ஒரு ஜெராக்ஸ் கடை. ஜெராக்ஸ், ரீசார்ஜ், டெம்பர்டு கிளாஸ், பேக் கவர், அவசரத்துக்கு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. ஊர், வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் படப்பைக்கும் ஒரகடத்துக்கும் நடுவே இருக்கிறது. ஐபோன் செய்கிற ஃபாக்ஸ்கான் ஆலை சுங்குவார்சத்திரம் பக்கம். ஒரகடம் கூட்ரோட்டில் திரும்பி, சிப்காட்டையெல்லாம் தாண்டி, பெங்களூரு நெடுஞ்சாலையைப் பிடித்துப் போகவேண்டும். உசிலம்பட்டியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே காம்பவுண்டுதான்.

மாமாவைக் குற்றம் சொல்ல முடியாது. சிவகாசிக்குப் போனால் பட்டாசு சல்லிசு, திருப்பூருக்குப் போனால் பனியன் சல்லிசு. காஞ்சிபுரத்துக்கே வந்து தறிக்காரரிடம் பட்டு எடுத்தால் கடைவாடகை மிச்சம் என்று ஒரு வேன் நிறைய ஆள் வந்து, வேன் வாடகையில் அந்த மிச்சத்தைத் தொலைத்துவிட்டுப் போவார்கள். செய்கிற இடத்தில் விலை குறையும் என்பது நம் ஜனங்களுக்குப் பரம்பரைச் சொத்தாக வந்த பொருளாதாரம். அதை முதன்முதலில் பொய்யாக்கிய பொருள் இந்த ஐபோன்தான்.

கணக்குப் போட்டு மாமாவிடம் சொன்னேன். ஐபோன் 17 அமெரிக்காவில் 799 டாலர். அன்றைக்கு டாலர் கிட்டத்தட்ட 88 ரூபாய். பெருக்கினால் எழுபதாயிரத்துச் சொச்சம். அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டியை ஏற்றினால் இங்கே விற்கிற 82,900 ரூபாய்க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். அமெரிக்காக்காரன் விலையில் அவன் ஊர் விற்பனை வரி சேராது. நம் விலையில் வரி உள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. அதாவது சுங்குவார்சத்திரத்தில் செய்த போனை, கலிஃபோர்னியாவில் போட்ட விலைக்கு, டெல்லி போட்ட வரியோடு நாம் வாங்குகிறோம். இதில் ஃபேக்டரி எங்கே வருகிறது?

மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப பின்வாசல் வழியா?" என்றார்.

விலை விஷயத்தில் மாமாவாவது கேட்டுத் தெரிந்துகொண்டார். யூடியூப் தம்பிகள் கேட்பதேயில்லை. 2024 ஜூலை பட்ஜெட்டில் வெளிநாட்டிலிருந்து வரும் செல்போன்களுக்கான சுங்கவரியை 20 சதவீதத்திலிருந்து 15 ஆக்கினார்கள். அன்று சாயந்திரமே வீடியோக்கள் வந்துவிட்டன. முகப்புப் படத்தில் வாயைப் பிளந்த ஒரு தம்பி, பக்கத்தில் கீழ்நோக்கிப் பாயும் சிவப்பு அம்பு. ஐபோன் விலை தரைமட்டம் என்றார்கள். இரண்டு மூன்று நாளில் ஆப்பிள் நிஜமாகவே குறைத்தது. அப்போது இறக்குமதியாகிக்கொண்டிருந்த புரோ மாடல்களுக்கு ஐயாயிரம், ஆறாயிரம். இங்கேயே செய்த 13, 14, 15-க்கு 300 ரூபாய். கடல் தாண்டி வந்ததற்குத் தாராளம், பக்கத்து ஊரில் செய்ததற்கு முன்னூறு. அந்த முன்னூறு ரூபாயில் என் கடையில் ஒரு டெம்பர்டு கிளாஸும் பேக் கவரும் வாங்கலாம். அந்த வகையில் பட்ஜெட் என்னைக் கைவிடவில்லை.

தொழில்நுட்பச் செய்தி என்று உலகம் எதைச் சொல்கிறதோ, அதை எங்கள் ஊரில் வேலைவாய்ப்புப் பக்கமாகத்தான் படிக்கிறார்கள். புது மாடல் வந்தால், ஆள் எடுப்பாங்களா? ஒரு நாட்டுக்கு வரி போட்டால், ஓ.டி. உண்டா? இன்னொரு கம்பெனி வருகிறதென்றால், சிப்காட்டில் எந்தப் பக்கம், பஸ் விடுவானா, கேன்டீன் எப்படி? கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று என் கடையில் இதுவரை ஒருவரும் வாய் திறந்ததில்லை. ஆதார் கார்டு, டிப்ளமோ மார்க் ஷீட், பயோடேட்டா மூன்றையும் நீட்டி "செட்டு போடுங்கணா" என்பார்கள். எந்தச் செய்திக்கு எத்தனை செட்டு ஓடியது என்பதை வைத்து அது பெரிய செய்தியா, சின்னச் செய்தியா என்று எனக்குத் தெரிந்துவிடும்.

இந்தப் பழக்கத்தைத் தொடங்கிவைத்தது நோக்கியா. 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் அதன் ஆலை வந்தது. நோக்கியா ஐடி கார்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பெண்பார்க்கப் போனால் தனி மரியாதைதான் கிடைத்தது. நோக்கியா ஒருநாள் இல்லாமல் போகும் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால், கிராமத்தில் கிணற்றையே காணோம் என்று சொன்னவனைப் பார்ப்பதுபோல் பார்த்திருப்பார்கள். அப்புறம் மைக்ரோசாஃப்ட் போன் வியாபாரத்தை வாங்கியது. வரி வழக்கில் மாட்டியிருந்த இந்த ஆலையை மட்டும் விட்டுவிட்டு வாங்கியது. 2014 நவம்பர் 1-இல் உற்பத்தி நின்றது. ஆண்ட்ராய்டிடம் நோக்கியா தோற்ற கதையைப் பத்திரிகைகள் இன்னும் எழுதிக்கொண்டிருக்கின்றன. இங்கே அந்தக் கதைக்கு வி.ஆர்.எஸ். என்று பெயர்.

அதே ஆலையை 2019-இல் சால்காம்ப் என்ற சார்ஜர் செய்கிற கம்பெனி எடுத்துக்கொண்டதாக மத்திய அமைச்சரே அறிவித்தார். ஐபோனுக்கும் சார்ஜர் கொடுக்கிற கம்பெனி. பழையபடி விளக்கெரியப் போகிறது என்று எல்லாருக்கும் சந்தோஷம். அடுத்த வருஷம் அக்டோபரில் ஐபோன் 12 வந்தது. சுற்றுச்சூழலைக் காப்பாற்றவேண்டியிருப்பதால் இனிமேல் டப்பாவுக்குள் சார்ஜர் வைக்கப்போவதில்லை என்றது ஆப்பிள். எங்கள் பகுதிக்கு ஜாதகத்தில் ஏதோ இருக்கிறது. நல்லவேளை, சார்ஜர் இல்லாமல் போன் ஓடாது என்ற உண்மையை ஆப்பிளாலும் மாற்ற முடியவில்லை. தனியாகக் காசு கொடுத்து வாங்கிக்கொள்கிறார்கள், ஆலையும் ஓடுகிறது.

என் கடைக்கு எதிர்த்தெருவில் ஏழெட்டுப் பெண்கள் சேர்ந்து வாடகைக்கு இருக்கிறார்கள். ஒரு போன் கம்பெனியில் வேலை. அதில் திருவண்ணாமலைப் பக்கத்துப் பெண் ஒன்று, உடைந்த ரெட்மிக்கு டெம்பர்டு கிளாஸ் மாற்ற வந்தது. நான் கிளாஸைத் துடைத்து ஒட்டும் நேரத்தில், கடை டேபிள் மேல் சாய்த்துவைத்த என் போனில் ஒரு ரிவ்யூ ஓடிக்கொண்டிருந்தது. "உலகத்துலயே முதல் முறையா நம்ம கையில!" என்று அந்தத் தம்பி மெய்சிலிர்த்தார். டப்பாவின் பிளாஸ்டிக்கைக் கிழிப்பதற்கே மூன்று நிமிடம். மூடியைத் திறக்கும்போது கண் கலங்கிவிட்டது. அந்தப் பெண் ஓர் உணர்ச்சியும் இல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தது. ரிவ்யூ தம்பி தன் போனைத் திருப்பி அடிப்பக்கத்தைக் காட்டினார். சார்ஜ் போடும் ஓட்டைக்கு இரண்டு பக்கமும் பொடியாக இரண்டு ஸ்க்ரூ இருக்கும். அவர் ஸ்பீக்கரைப் பற்றிச் சொல்லிவிட்டு அடுத்ததற்குத் தாவிவிட்டார்.

"அந்த ரெண்டப் பத்தி ஒண்ணுமே சொல்லலையேண்ணா" என்றது அந்தப் பெண்.

அவ்வளவுதான் சொன்னது. அதற்குமேல் கேட்டால் சிரிக்கும். சொல்லக்கூடாது என்று கையெழுத்து வாங்கியிருப்பார்கள். அடுத்த மாடலின் ரகசியம் கசிந்தது என்று நித்தம் நித்தம் வீடியோ போடுகிறவர்கள் எங்கள் தெருவுக்கு வந்து விசாரித்தாலும் பலனிருக்காது. இங்கே ஒருவருக்குத் தெரிந்தது ஒரு ஸ்க்ரூ. இன்னொருவருக்குத் தெரிந்தது ஒரு பசை. முழுப் போனையும் தெரிந்தவர் என்று ஒருவர்கூடக் கிடைக்கமாட்டார்.

இன்னொரு வேடிக்கை, கேமரா. பல கம்பெனிகளில் கேட்டிலேயே போன் கேமரா மேல் ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார்கள். சில இடங்களில் போனையே வாங்கி வைத்துக்கொள்வார்கள். ஆகவே இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் போடும் ரீல்ஸில் கம்பெனி பஸ் இருக்கும், மொட்டை மாடி இருக்கும், ஒரகடம் பிரியாணிக் கடை இருக்கும். நடுவில் எட்டு மணி நேரம் இருக்காது. ஷிஃப்ட் முடிந்து வந்து ஸ்டிக்கரை உரித்தால் லென்ஸ் மேல் பசை நிற்கும். அதைச் சுத்தம் பண்ண நான் பத்து ரூபாய் வாங்குகிறேன். தெரிந்த முகமென்றால் சும்மா.

2024 செப்டம்பர் 9-ஆம் தேதியை நான் மறக்கமாட்டேன். அன்றிரவு நம் நேரப்படி பத்தரை மணிக்குக் கலிஃபோர்னியாவில் ஐபோன் 16-ஐ அறிமுகம் செய்தார்கள். ஓரத்தில் கேமராவுக்கென்று புதிதாக ஒரு பட்டன். அதே நாள் ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் ஆலையில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தைத் தொடங்கினார்கள். டிவி, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் செய்கிற ஆலை. சி.ஐ.டி.யு. சார்பில் ஆரம்பித்த சங்கத்தை அங்கீகரிக்கவேண்டும் என்பது முக்கியக் கோரிக்கை. ஒரு மாதத்துக்கு மேல் நடந்தது. அக்டோபர் நடுவில்தான் முடிந்தது. அந்த மாதம் முழுக்க என் ஃபீடில் இரண்டு விவாதம் மாறிமாறி வந்தது. போனுக்கு இன்னொரு பட்டன் தேவையா? தொழிலாளிக்குச் சங்கம் தேவையா? முதல் கேள்விக்குப் பதில் சொன்னவர்கள் எண்ணிக்கை கணக்கிலடங்காது. பந்தலில் உட்கார்ந்திருந்தவர்கள் செய்த டிவியில்தான் பாதிப் பேர் அந்த விவாதத்தைப் பார்த்திருப்பார்கள்.

சிரிக்கமுடியாத ஒன்றும் உண்டு. 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் பெண்கள் தங்கியிருந்த ஒரு விடுதியில் சாப்பாடு கெட்டு, 159 பேர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். சிலர் இறந்துவிட்டதாக வாட்ஸ்அப்பில் செய்தி பறந்தது. ஆயிரக்கணக்கான பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் ராத்திரி முழுக்க உட்கார்ந்துவிட்டார்கள். யாரும் இறக்கவில்லை. ஆனால் அதை நம்பும்படி சொல்ல ஆளில்லாமல் போனது. உலகத்துக்கே பேசுகிற கருவியைப் பூட்டி அனுப்புகிறவர்களுக்கு, பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த பெண் உயிரோடு இருக்கிறாளா என்று தெரிந்துகொள்ள ஒரு ஃபார்வர்டுதான் கிடைத்தது. வெளிநாட்டுத் தொழில்நுட்பத் தளங்கள் பலவற்றின் கவலை, போன் உற்பத்தி எத்தனை நாள் தாமதமாகும் என்பது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் விடுதியை முதலமைச்சர் திறந்துவைத்தார். செலவு 700 கோடிக்கு மேல். அத்தனை பெரிய டப்பாவை எந்தத் தம்பியும் அன்பாக்ஸிங் பண்ணவில்லை.

ஆனால் எங்கள் ஊரின் பொற்காலம் 2025 ஏப்ரல்தான். ட்ரம்ப் வரிப் பட்டியலைத் தூக்கிக் காட்டினார். சீனாவுக்கு ஏறிக்கொண்டே போனது. இந்தியாவுக்கு 26 சதவீதம் என்றார், பிறகு தள்ளிவைத்தார். அதற்குள் முந்திக்கொள்ள ஆப்பிள் தனி விமானங்கள் பிடித்துச் சென்னையிலிருந்து அமெரிக்காவுக்கு 600 டன் ஐபோன் அனுப்பியதாக ராய்ட்டர்ஸ் எழுதியது. கிட்டத்தட்ட 15 லட்சம் போன். விமான நிலையத்தில் சுங்கச் சோதனை 30 மணி நேரத்திலிருந்து ஆறு மணி நேரமாகக் குறைந்ததாம். ஞாயிற்றுக்கிழமையும் ஆலையை ஓட்டினார்களாம். வாஷிங்டனில் ஒருவர் அட்டையைத் தூக்கிப்பிடிக்க, சுங்குவார்சத்திரத்தில் ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்பு போயிற்று. 600 டன் என்றதும் டீக்கடையில் ஒரு லாரி டிரைவர் மட்டும் அசரவில்லை. "ஜல்லி லோடு கணக்குல பாத்தா ஒரு நாளு ஓட்டம்பா இது" என்றார்.

அந்தச் சமயத்தில்தான் பக்கத்து வீட்டுப் பையன் ஆன்லைனில் ஒரு போன் ஆர்டர் பண்ணினான். இதே பகுதியில் பூட்டிய போன்தான், டப்பாவிலேயே எழுதியிருக்கும். டிராக்கிங்கில் பார்த்தால் அது வடக்கே எங்கோ ஒரு கிடங்குக்குப் போய், இரண்டு நாள் ஓய்வெடுத்து, பெங்களூரு வந்து, மறுபடி ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டிச் சென்னைக்குப் போய், அங்கிருந்து திரும்பியது. கடைசியில் "முகவரி கண்டுபிடிக்க முடியவில்லை" என்று வந்தது. சிகாகோவுக்குப் போன போனுக்கெல்லாம் வழி தெரிந்திருக்கிறது. டெலிவரி பையனுக்கு நான்தான் கடை லொக்கேஷனை அனுப்பி வரவழைத்தேன். வந்தவன் படப்பைக்காரன்.

மே மாதம் தோஹாவில் பேசும்போது, இந்தியாவில் தொழிற்சாலை கட்டவேண்டாம் என்று ஆப்பிளின் டிம் குக்கிடம் சொல்லிவிட்டதாக ட்ரம்ப் அறிவித்தார். டிவியில் எட்டுப் பேர் உட்கார்ந்து இந்தியாவின் எதிர்காலத்தைப் பிளந்து காயப்போட்டார்கள். மறுநாள் காலை கடை திறந்ததும் முதல் போணியாக ஒரு பையன் பயோடேட்டாவோடு நின்றான். விழுப்புரம் பக்கம், ஐ.டி.ஐ. முடித்தவன். "போன் கம்பெனியில எடுக்குறாங்களாம்ணா, நாளைக்கு நேர்ல வரச் சொல்லிருக்காங்க."

"நியூஸ் பாத்தியா தம்பி? ட்ரம்ப் வேணாங்கிறாரே."

"பாத்தேண்ணா."

"எத்தினி செட்டு போடட்டும்?"

கொஞ்சம் யோசித்தான். "அஞ்சு போதும்னு நெனச்சேன்… பத்தா போட்டுடுங்க. அவரு நாளைக்கி இன்னா சொல்வாருன்னு யாருக்குத் தெரியும்."