கூன் விழாத மதிப்பெண்

மகள் படிக்கும் பள்ளியில் முதுகு நலத் தேர்வு வைத்தார்கள். நிமிர்ந்து உட்காருகிறாயா? பையை இரு தோளிலும் மாட்டுகிறாயா? கீழே கிடப்பதை முழங்காலை மடக்கி எடுக்கிறாயா? ஆறாம் வகுப்புக்காரி எல்லாவற்றுக்கும் ‘ஆம்’ போட்டு 20-க்கு 20 வாங்கிவிட்டாள்.

“எப்படிடீ எழுதினே?”

“பெஞ்சு தள்ளி இருந்துச்சுப்பா. டெஸ்க்குல கவுந்து படுத்துக்கிட்டு எழுதினேன்.”

பையை வாங்கி, வாசலுக்கு வந்த பழைய பேப்பர்க்காரரின் தராசில் வைத்தேன். ஆறே முக்கால் கிலோ. “மொத்தமாப் போட்டுடுறீங்களா சார்?” என்றார் ஆசையாக. மகளும் அதே ஆசையோடு என்னைப் பார்த்தாள். அவள் எடையே 32 கிலோதான்.

மத்திய அரசின் 2020 புத்தகப்பைக் கொள்கைப்படி, பை உடல் எடையில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஆறாம் வகுப்புக்கு 2 முதல் 3 கிலோ. அதற்கு முன்பே, 1993-இல், யஷ்பால் குழு சுமையில்லாத கல்வி பற்றி அறிக்கை கொடுத்தது. அதற்கும் முன்பு எழுத்தாளர் ஆர்.கே. நாராயண் மாநிலங்களவையில் தம் கன்னிப்பேச்சையே இந்த மூட்டைக்காகச் செலவழித்தார். நல்லவேளை, இவற்றையெல்லாம் பாடத்தில் சேர்க்கவில்லை. சேர்த்தால் பையில் இன்னும் அரைக் கிலோ.

அவசரப்பட்டுவிட்டேன். நேற்று சுற்றறிக்கை வந்தது: அடுத்த பருவம் முதல் முதுகு நலத்துக்குத் தனி ஒர்க்புக். 96 பக்கம், கெட்டி அட்டை. தினமும் கொண்டுவர வேண்டுமாம்.