பெல் ஏருக்குப் பொருத்தம் பார்க்கும் முறை

பழைய காருக்கு நாலு சக்கர இயக்கம் ஏற்றுவது என்பது, காயலான் கடைக்கு வந்துவிட்ட டிரக்கின் ஆக்சில்களையும், விசையை முன்னும் பின்னும் பகிர்ந்தளிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸையும் கழற்றி, அவற்றோடு எந்த உறவும் இல்லாத காருக்குக் கட்டிவைப்பதாகும். இதை இயந்திரவியலின் கிளையாகக் கொள்வோர் உண்டு. ஜாதகப் பொருத்தத்தின் கிளை என்பதே இங்கே கொள்ளப்படும் துணிபு.

ஆய்வுக்குரிய மணமகள் 1957ஆம் ஆண்டின் ஷெவர்லே பெல் ஏர். அதே 1957இல்தான் ஷெவர்லே தன் டிரக்குகளை நாலு சக்கர இயக்கத்தோடு ஆலையிலிருந்தே விற்கத் தொடங்கியது. அதற்கான உறுப்புகள் மினியாபோலிஸ் நகரின் நாப்கோ நிறுவனத்துடையவை. ஒரே வீட்டில் தம்பி நாலு காலால் நடக்க, அக்கா இரண்டு காலால் நடந்தாள். இந்தப் பாரபட்சத்தைப் பின்னாளில் அமெரிக்கப் பட்டறைக்காரர்கள் தீர்த்துவைத்தனர். அக்கா புகார் செய்யவில்லை என்பது வேறு. சோவியத் நாட்டில் இதை ஆலையே செய்தது: 1955 முதல் 1958 வரை பொபேதா காரின் உடலோடு காஸ்-69 ராணுவ வண்டியின் உறுப்புகளைச் சேர்த்து காஸ்-எம்72 என்ற வண்டி கார்க்கி நகரில் தயாரானது.

முதலில் பார்ப்பது நீளப் பொருத்தம். பெல் ஏரின் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 115 அங்குலம். 1967 முதல் 1972 வரை வந்த குட்டைத் தொட்டி ஷெவர்லே டிரக்குக்கும் அதே 115. இதைக் கண்டவுடன் தாம்பூலம் மாற்றிவிடுவோர் பலர்; அவசரம்.

முறைகள் இரண்டு. காரின் உடலைத் தூக்கி டிரக்கின் சேசிஸ் மேல் இறக்குவது முதல் முறை. இது கூடுவிட்டுக் கூடு பாய்தலைத் தலைகீழாக்கியது: சித்தர் கதைகளில் உயிர் உடல் மாறும், இங்கே உடல் உயிர் மாறுகிறது. நீளம் ஒத்தாலும் போல்ட் துளைகள் ஒவ்வா. தரைத் தகட்டைப் பாதி அறுக்க நேரும். காரின் சொந்தச் சேசிஸிலேயே டிரக் ஆக்சில்களைத் தொங்கவிடுவது இரண்டாம் முறை. இதில் முன்பக்கச் சுருள் ஸ்பிரிங்கும் அதன் கைகளும் போய், பட்டை ஸ்பிரிங் வரும். புதிய முன் ஆக்சிலின் கிரவுன், அதாவது பற்சக்கரங்கள் அடங்கிய புடைப்பு, எஞ்சினின் ஆயில் சம்ப்பில் இடிக்கும். வண்டியை உயர்த்துவதே பரிகாரம். உயர்த்தினால் ஸ்டீயரிங் தண்டு எட்டாது, பிரேக் குழாய் எட்டாது, ஓட்டுநரின் காலும் எட்டாது.

அடுத்தது பக்கப் பொருத்தம். அந்தக் கால ஷெவர்லே டிரக்கில் முன் கிரவுன் வலப்பக்கம் இருக்கும். 1970களின் கடைசி ஃபோர்டு டிரக்கில் இடப்பக்கம். ஒன்றின் டிரான்ஸ்ஃபர் கேஸையும் மற்றதன் ஆக்சிலையும் சேர்த்தால் புரொப்பல்லர் ஷாஃப்ட் எஞ்சினுக்கு அடியில் குறுக்கே ஓட வேண்டிவரும். கலப்பு மணத்தை எதிர்ப்பதல்ல நோக்கம். வழியில் சம்ப் இருக்கிறது, அவ்வளவே.

எல்லாவற்றிலும் தலையாயது பல் விகிதம். இது ரஜ்ஜுப் பொருத்தம்; தட்டினால் வேறு எது பொருந்தியும் பயனில்லை. பின் ஆக்சில் 3.73, முன் ஆக்சில் 4.10 என்று வைத்துக்கொண்டால், ஷாஃப்ட் ஒரே வேகத்தில் சுற்றும்போது முன் சக்கரங்கள் ஏறத்தாழ 9 சதவீதம் மெதுவாகச் சுழல முயலும். பின் சக்கரம் தள்ளும், முன் சக்கரம் பிடித்து நிறுத்தும். சேற்றில் டயர் வழுக்கி இந்தச் சண்டையை மறைத்துவிடும். தாரில் வழுக்க இடமில்லாததால் ஷாஃப்ட் முறுக்கேறி, ஆக இளைத்த பல் உடையும்.

விகிதம் ஒத்தாலும் சிக்கல் முழுதாகத் தீராது. வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் போகின்றன. இந்த வகை டிரான்ஸ்ஃபர் கேஸ்களில் பெரும்பாலானவற்றில் அந்த வேறுபாட்டை விழுங்க நடு டிஃபரென்ஷியல் கிடையாது. ஆகவே காய்ந்த தார்ச்சாலையில் முன் ஆக்சிலுக்குப் போகும் இணைப்பை விடுவித்துவிட்டு ஓட்டுவதே விதி. அறுத்து, ஒட்டி, முக்காலி போட்டு ஏறும் உயரத்துக்குத் தூக்கிய பெல் ஏர், ஞாயிற்றுக்கிழமைக் கார் கண்காட்சிக்குத் தார்ச்சாலை வழியாகவே போகிறது. இரண்டு சக்கர இயக்கத்தில்.