பழமொழியின் ஓய்வும் வசனமொழியின் பதவியேற்பும்: ஓர் ஆய்வு

முன்னுரை

தமிழர் எதையும் நேராகச் சொல்வதில்லை என்பது இவ்வாய்வின் கருதுகோள். பிள்ளை பரீட்சையில் கோட்டை விட்டால், யானைக்கே அடி சறுக்கும் என்றோம். மருமகளைக் குறை சொல்ல, ஆடத் தெரியாதவளையும் கோணல் கூடத்தையும் துணைக்கு அழைத்தோம். இன்று இந்த வேலைகளையெல்லாம் நகைச்சுவை நடிகர் வடிவேலு ஒருவரே தம் பட வசனங்களால் பார்க்கிறார். இந்தப் பணிமாற்றம் எப்படி நடந்தது, யார் கையெழுத்திட்டார்கள் என ஆராய்வதே நம் நோக்கம்.

இலக்கணத் தகுதி

முதுமொழி நுட்பமாகவும் சுருக்கமாகவும் இருக்க வேண்டும், குறித்த பொருளை முடித்துத் தர வேண்டும் என்கிறது தொல்காப்பியச் செய்யுளியல். வடிவேலுவின் 'வடை போச்சே' என்பதை இந்த உரைகல்லில் உரசிப் பார்ப்போம். இரண்டே சொற்கள் என்பதால் சுருக்கம் உண்டு. வடை என்பது பதவி உயர்வாகவோ, கைநழுவிய வரனாகவோ, தட்கல் டிக்கெட்டாகவோ இருக்கலாம் என்பதால் நுட்பமும் உண்டு. இதைச் சொன்னபின் எவரும் மேற்கொண்டு துருவிக் கேட்பதில்லை என்பதால் பொருளும் முடிந்தது. தேர்வு முடிவு: முதல் வகுப்பில் தேர்ச்சி.

வரலாற்றுப் பின்புலம்

1874இல் பெர்சிவல் பாதிரியார் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்து வெளியிட்டார். உரல், உலக்கை, ஏர், எருது என்று அவற்றின் மூலப்பொருள்கள் அன்று வீட்டிலேயே கிடைத்தன. பிறகு உரலின் இடத்தை மிக்ஸியும் எருதின் இடத்தை டிராக்டரும் பிடித்துக்கொண்டன. உரலில் தலையை விட்டபின் உலக்கைக்கு அஞ்சலாமா என்று பேரனிடம் கேட்டால், உலக்கை என்றால் என்ன என்று அவன் திருப்பிக் கேட்கிறான். அறிவுரைக்குப் படவிளக்கம் தேவைப்படும்போது அது பாடமாகிவிடுகிறது.

வசனம் தமிழர் வாயில் புகுந்தது நேற்றல்ல. 'பராசக்தி'யின் (1952) நீதிமன்ற வசனத்தை மனப்பாடம் செய்து மேடையேறிய தலைமுறை உண்டு. 'விதி'யின் (1984) வசன கேசட் டீக்கடையிலும் கல்யாண வீட்டிலும் முழங்கியது. ஆனால் அந்த வசனங்களைப் பேசிக் கத்தரிக்காய் வாங்க முடியாது. அன்றாடப் புழக்கத்துக்கு உகந்த சரக்கை இறக்கியவர்கள் கவுண்டமணியும் செந்திலும்தான். 'கரகாட்டக்காரன்' (1989) தந்த இரண்டாவது வாழைப்பழம், கணக்கில் துண்டு விழும் இடங்களிலெல்லாம் இன்றுவரை விளக்கமாக ஏற்கப்படுகிறது.

அடுத்து வந்தது செயற்கைக்கோள் தொலைக்காட்சி. 1993இல் சன் டிவி வந்தது. பின்னர் நாள் முழுக்க நகைச்சுவை மட்டுமே காட்டும் சேனல்களும் வந்தன. படத்திலிருந்து காமெடி தனியாகக் கழன்றது. கதாநாயகன் யாரென்று தெரியாதவருக்கும் கைப்புள்ளையைத் தெரிந்தது. பாட்டி ஓய்ந்த நேரத்தில் சொன்னதையே சொல்லும் பொறுப்பைச் சேனல் ஏற்றது. அதற்கு மூச்சும் வாங்கவில்லை.

அந்தக் கைப்புள்ளையின் 'வின்னர்' (2003) படத்துச் சங்கம் 2013இல் தனிப் படத்தின் தலைப்பானது. 'தலைநகரம்' (2006) படத்தில் சிறைக்குப் போக ஆசைப்பட்டவரின் கூற்று 2015இல் 'நானும் ரௌடிதான்' ஆனது. 'ஃப்ரெண்ட்ஸ்' (2001) படத்தில் காண்டிராக்டர் நேசமணியின் தலையில் விழுந்த சுத்தியல் அடிக்கு, மத்தியில் புதிய அரசு பதவியேற்ற 2019 மே மாத இறுதியில் ட்விட்டரில் பிரார்த்தனை நடந்தது. பதினெட்டு ஆண்டு கழித்தும் ஆறாத அடி என்பது மருத்துவத் துறையும் கவனிக்க வேண்டியது.

கள ஆய்வில் எழுந்த சிக்கல்

கல்யாண வீடொன்றில் மூன்றாம் பந்தி. "தம்பி, இந்தப் பக்கம் வடை வரலியே?"

"தீந்துடுச்சுங்க ஐயா."

பெரியவர் இலையைப் பார்த்து, "அடடா, வடை போச்சே" என்றார். பந்தியே சிரித்தது, அப்பளம் போட வந்தவர் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். பெரியவருக்கோ கோபம். அவர் சொன்னது செய்தி, கேட்டவர்களுக்கு விழுந்தது மேற்கோள். உண்மையிலேயே வடையை இழந்தவர் அதைச் சொல்லி அனுதாபம் பெறும் உரிமையைத் தமிழ்ச் சமூகம் பறித்துவிட்டது.

கண்டறிந்தவை

பழமொழி மேலிருந்து கீழே வருவது. மாமியார் மருமகளுக்கும் வாத்தியார் மாணவனுக்கும் சொன்னார்கள். எதிர்த்திசையில் சொன்னால் அதற்கு வாய்க்கொழுப்பு என்று பெயர். வசனமொழியோ அடி வாங்கியவனின் மொழி. வடிவேலு ஜெயித்த காட்சியிலிருந்து எவரும் மேற்கோள் காட்டுவதில்லை. முன்பு தோற்றவனுக்கு ஊர் பழமொழி சொன்னது; இப்போது தோற்றவன் முந்திக்கொண்டு தானே வசனம் சொல்லிவிடுகிறான், ஊருக்கு வேலையில்லை. மேலாளரைப் பார்த்துச் சொல்ல முடியாததையும் வடிவேலு குரலில் சொல்லலாம். மேலாளரும் சிரித்துத்தான் ஆக வேண்டும். சிரிக்காவிட்டால் அவர் படம் பார்க்காதவர் என்றாகிவிடும்.

முடிவுரை

புதிய தலைமுறை வசனத்தையும் சுருக்கிவிட்டது. வாட்ஸ்அப்பில் வடிவேலுவின் முகம் மட்டும் போகிறது. நேரில் சந்தித்தால் அதே முழியை முழித்துக் காட்டுகிறார்கள். சொல் இல்லாத முதுமொழிக்கு இலக்கணம் வகுக்க வேண்டியிருக்கிறது. அதற்கு நிதியுதவி கேட்டு விண்ணப்பிக்கலாம் என்றிருக்கிறோம். என்ன ஆய்வு, எத்தனை பக்கம் என்றெல்லாம் விசாரித்துவிட்டு, நீ ஆணியே புடுங்க வேணாம் என்பார்கள். அதைப் பின்னிணைப்பில் சேர்த்துக்கொள்வோம்.