ஸ்காட்லாந்து டவுட்

கேள்வி: எங்கள் தொழிற்சாலைக்குப் புது மிஷின் பூட்ட வந்த ஸ்காட்லாந்துக்காரர் வானத்தைப் பார்த்துவிட்டு, 'ஐ டவுட் இட் வில் ரெயின்' என்றார். மழை வராது என்கிறாரென்று பெட்டிகளை வெளியிலேயே விட்டோம், அத்தனையும் நனைந்தன. இங்கிலீஷ் தெரியாதது அவருக்கா, எங்களுக்கா?
— ஒரு வாசகர், கும்மிடிப்பூண்டி சிப்காட்

பதில்: மழைக்குத்தான் தெரியாது. 'டவுட்' என்ற அந்தக் கிரியாபதமானது, பிரெஞ்சு வழியாக இங்கிலீஷில் பிரவேசித்த காலத்தில் சந்தேகத்தோடு பயத்தையும் குறித்து, 1660 முதல் 1669 வரை லண்டனில் நாட்குறிப்பு எழுதிய சாமுவேல் பீப்ஸ் காலத்திலும் 'நடந்துவிடுமோ என்று அஞ்சுகிறேன்' என்னும் அர்த்தத்தில் சர்வசாதாரணமாக வழங்கி, பிற்பாடு 'நடக்காது' என்னும் பக்கம் சாய்ந்துவிட்ட போதிலும், ஸ்காட்லாந்துப் பேச்சில் பழைய வாசனை மாறாமல் இன்றளவும் ஜீவித்திருக்கிறது.

இதைக் கண்டு சிரிக்க நமக்கு யோக்கியதை இல்லை. 'அவன் வருவது சந்தேகம்' என்றால் வரமாட்டான். 'சைக்கிளை எடுத்தது அவன்தானென்று சந்தேகம்' என்றால் எடுத்தவன் அவனே! போதாக்குறைக்கு, வகுப்பில் 'சார், ஒரு டவுட்' என்று எழுந்து நிற்கும் நம் பிள்ளைக்கு அநேகமாகச் சந்தேகமே இருப்பதில்லை, கேள்விதான் இருக்கிறது. வினாவை ஆறு வகையாக்கி அதில் ஐயவினாவை ஒன்றாக மட்டுமே நன்னூல் எண்ணியிருக்க, நாம் ஆறையும் 'டவுட்'டிலேயே அடக்கிவிட்டோம்.

அடுத்த முறை அவர் 'டவுட்' என்றால் உடனே தார்ப்பாயை எடுங்கள். ஐப்பசி மாதத்தில், அவர் வாயே திறக்காவிட்டாலும் எடுங்கள்.