பிடிப்பதா, பழக்குவதா?

கேள்வி: மாணவர்கள் சாட்ஜிபிடியில் கட்டுரை எழுதினால் மென்பொருளே காட்டிக்கொடுத்துவிடுமே, அறநெறிப் பாடம் எதற்கு?

பதில்: சாட்ஜிபிடியைப் படைத்த ஓப்பன்ஏஐ நிறுவனமே அப்படியொரு மென்பொருளை 2023 ஜனவரியில் வெளியிட்டு, துல்லியம் போதவில்லை என்று ஜூலையில் திரும்பப் பெற்றது. நிறுவனத்தின் சோதனையில், இயந்திரம் எழுதியதில் 26 சதவீதத்தைத்தான் அது பிடித்தது. மனிதர் எழுதியதில் 9 சதவீதத்தின்மேல் பழி போட்டது. திருடனை விட்டு வழிப்போக்கனைப் பிடிக்கும் காவல் வகுப்பறைக்கு ஆகாது. அப்படியானால் ஒரேயடியாகத் தடை செய்யலாமே என்பார்கள். அதே ஆண்டு நியூயார்க்கில் வழக்கறிஞர்கள் இருவர், சாட்ஜிபிடி கற்பனை செய்த தீர்ப்புகளை நீதிமன்றத்தில் காட்டி 5,000 டாலர் அபராதத்துக்கு ஆளானார்கள். பள்ளியின் தடை அந்த வழக்கறிஞர்களின் மேசைவரை எட்டாது. சரிபார்க்கும் பழக்கம் எட்டும். எதைக் கேட்டாய், எதைச் சரிபார்த்தாய், எந்த வரி உன்னுடையது என்று ஆசிரியர் கேட்கட்டும்; அந்தப் பதிலுக்கும் மதிப்பெண் தரட்டும்.