கழுத்தைப் பார்த்து வாங்குங்கள்

கேள்வி: எலெக்ட்ரிக் கிட்டார் கிட் வாங்கி வீட்டிலேயே பூட்ட ஆசை. தரமானது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
- வாசகர் ஒருவர், வன்னியம்பட்டி

பதில்: உடலின் வளைவைப் பார்த்து மயங்குபவர்களே அதிகம். பார்க்க வேண்டியது கழுத்தை! உடலில் கோணல் இருந்தால் உப்புத்தாளால் தேய்த்துச் சரிசெய்யலாம். கழுத்தில் மெட்டுக்கான பள்ளம் ஒரு மில்லிமீட்டர் தவறினாலும் சுருதி சேராது. வீணையின் மெட்டுகள் மெழுகில் பதிந்தவை. பிசகினால் மீண்டும் பதிக்கலாம். கிட்டாரில் அவை மரத்துக்குள் அடித்து இறக்கிய உலோகத் துண்டுகள். ஆலையில் வெட்டியது வெட்டியதுதான்.

சோதிக்க ஒரு ஸ்கேல் போதும். ஃபெண்டர் வகைக் கிட்டாரில் தந்தி நீளம் 25.5 அங்குலம், சுமார் 648 மி.மீ. கழுத்தின் தலைப்பக்கத்தில் தந்தியைத் தாங்கும் நட்டிலிருந்து 12-ஆவது மெட்டு அதில் சரிபாதியில், 324 மி.மீட்டரில், இருக்க வேண்டும்.

முதல் முயற்சிக்குத் திருகாணியில் பூட்டும் கழுத்தே நல்லது. லியோ ஃபெண்டர் 1950-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த கிட்டார்களில் அப்படித்தான் இருந்தது. கோணினால் கழற்றி மாட்டலாம். பசையில் ஒட்டியதை அப்படிச் செய்ய முடியாது. கழுத்துக்குள் அதன் வளைவைச் சரிசெய்யும் உலோகக் கம்பியான ட்ரஸ் ராட் இருக்கிறதா என்றும் கேளுங்கள். ராஜபாளையம் பக்கத்து வெயிலில் மரம் சுருங்கினால் மெட்டு முனைகள் விரலைக் கீறும். சின்ன அரம் ஒன்று கையில் இருக்கட்டும்.

விரல்பலகை ஈட்டி மரமா? வன்னியம்பட்டிக்கு மேற்கே தெரிகிறதே, அந்த மேற்குத் தொடர்ச்சி மலைதான் அதன் தாயகம்!

வீட்டிலேயே செய்வதில் தயக்கம் வேண்டாம். குவீன் ராக் இசைக்குழுவின் கிட்டார் கலைஞர் பிரையன் மே 1963-இல், பதினாறு வயதில், தந்தையோடு சேர்ந்து கிட்டார் செய்யத் தொடங்கினார். பழைய கணப்படுப்பின் மரச்சட்டத்தில் கழுத்தைச் செதுக்கினார். மேடைகளில் அவர் வாசித்தது அதைத்தான்.

கிட்டில் வரும் பிக்கப் (தந்தி அதிர்வை மின்சைகையாக்கும் பாகம்) சுமாராக இருந்தால் கவலை வேண்டாம். சால்டரிங் தெரிந்தால் பிறகு மாற்றிக்கொள்ளலாம்.