டோல்கேட் பதில்கள்: பன்னுக்குள்ளே ஒரு பஞ்சாயத்து

பொரித்த கோழியைப் பன்னுக்குள் வைத்து விற்கிற ஃபாஸ்ட்ஃபுட் கடைகளில் எது தேவலாம் என்று போன இதழில் ஒரு வரி கேட்டுவைத்தேன். பொங்கலுக்கு முந்தின நாள் விக்கிரவாண்டி டோல்கேட்டில் வண்டி சேருகிற மாதிரி கேள்விகள் சேர்ந்துவிட்டன. ஃபாஸ்டேக் ஒட்டியவை முதலில்.

சிக்கன் சாண்ட்விச், சிக்கன் பர்கர் – இரண்டும் ஒன்றா, வேறா?
– கல்லூரி மாணவி, திண்டிவனம்

திண்டிவனம் பேக்கரியில் வேறு. கண்ணாடி அலமாரியில் முக்கோணமாக வெட்டி, ஓரம் காய்ந்து உட்கார்ந்திருப்பதுதான் நமக்கு சாண்ட்விச். வட்டப் பன்னுக்குள் எதை வைத்தாலும் பர்கர். அமெரிக்காக்காரனுக்கோ பர்கர் என்றால் அரைத்த மாட்டிறைச்சி. கோழியைத் துண்டாகப் பொரித்து அதே பன்னில் வைத்தால் அது சாண்ட்விச் ஆகிவிடும்.

1996 அக்டோபரில் டெல்லி வசந்த் விஹாரில் மெக்டொனால்ட்ஸ் திறந்தபோது மாடும் கிடையாது, பன்றியும் கிடையாது. பர்கர் என்ற பெயர் சும்மா கிடந்தது. கோழியும் உருளைக்கிழங்கும் ஆளுக்கொரு துண்டு போட்டுப் பிடித்துக்கொண்டன. இந்தப் பக்கத்தில் இரண்டு பெயரையும் மாற்றி மாற்றித்தான் எழுதுவேன். சண்டைக்கு வராதீர்கள்.

அப்போ பரோட்டாவுக்குள் சிக்கனைச் சுருட்டிக் கொடுத்தால் அதுவும் சாண்ட்விச்தானே சார்?
– பரோட்டா மாஸ்டர், விக்கிரவாண்டி

மாஸ்டர், இது கோர்ட்டுக்குப் போன சங்கதி. மாசசூசெட்ஸில் ஒரு வணிக வளாகம், அங்கே இருந்த பனேரா கடையிடம் "இன்னொரு சாண்ட்விச் கடைக்கு இடம் தரமாட்டோம்" என்று எழுதிக்கொடுத்திருந்தது. பிறகு பரிட்டோ விற்கிற கடைக்கு இடம் கொடுத்தது. பரிட்டோ என்பது கோதுமை ரொட்டி ஒன்றை விரித்து, கறியை வைத்துச் சுருட்டுவது. கிட்டத்தட்ட உங்கள் ஐட்டம். வழக்கு வந்தது. சாண்ட்விச்சுக்கு ரொட்டி இரண்டு வேண்டும், பரிட்டோவில் ஒன்றுதான் இருக்கிறது, ஆகவே அது சாண்ட்விச் ஆகாது என்று 2006இல் நீதிபதி சொல்லிவிட்டார். கதை அதோடு முடியவில்லை. 2024இல் இண்டியானா மாநிலத்து ஃபோர்ட் வெய்னில் வேறொரு நீதிபதி, டாக்கோவும் பரிட்டோவும் மெக்சிகோ பாணி சாண்ட்விச்தான் என்று தீர்ப்பெழுதினார்.

ஒரு மாநிலத்தில் நீங்கள் தோற்றாயிற்று, இன்னொன்றில் ஜெயித்தாயிற்று. அப்பீல் நம் பக்கம் வந்தால் சால்னா எங்கே என்றுதான் முதலில் கேட்பார்கள்.

எல்லாக் கடையும் ஏறி இறங்கியவர் நீங்கள். மழுப்பாமல் சொல்லுங்கள், எது நல்லது? வீட்டில் புதுசு, முதல் தடவை கூட்டிப் போகிறேன்.
– புது மாப்பிள்ளை, மயிலம்

வாழ்த்துகள். முதலில் ஒன்றைக் கற்றுக்கொள்ளுங்கள். கடித்த இடத்தைத் திருப்பிப் பாருங்கள். நார் நாராகப் பிரிந்து ஈரம் மின்னினால் அது முழுத் துண்டுக் கறி. இட்லியைப் பிட்ட மாதிரி ஒரே சீராக இருந்தால், அரைத்து அச்சில் போட்டு எடுத்தது. மெக்டொனால்ட்ஸின் மெக்-சிக்கன் பர்கர் இரண்டாம் வகை. 1980இல் அமெரிக்காவில் வந்தபோது போணியாகவில்லை. எடுத்துவிட்டார்கள், பிறகு திரும்பக் கொண்டுவந்தார்கள், நிலைத்துவிட்டது. எங்கே கடித்தாலும் ஒரே ருசி என்பதால் பிள்ளைகளுக்கு அதுதான் பிடிக்கும். எனக்குப் பிள்ளை வயசு போய்விட்டது.

கேஎஃப்சியின் ஜிங்கர் முதல் வகை. 1984இல் டிரினிடாட்-டொபாகோவில் பிறந்தது. மேலே பண்ருட்டிப் பலாத் தோல் மாதிரி மேடும் பள்ளமுமாக இருக்கிறதே, அந்தச் செதில்தான் அதன் சொத்து. செதில் மசாலாவால் வருவதில்லை. கறியை நனைத்து மாவில் புரட்டும்போது மாவுக்குள் சொட்டுகிற ஈரம் சின்னச் சின்ன கட்டியாகும். அந்தக் கட்டி கறியில் ஒட்டி, எண்ணெயில் விழுந்ததும் விறைத்துக்கொள்ளும். சல்லடை போட்டுச் சுத்தமாக வேலை செய்கிறவனுக்குச் செதில் வராது. சமையலில் அழுக்குக் கைக்கு மரியாதை இருக்கிற இடங்களில் இதுவும் ஒன்று.

போப்பைஸ் 2022 ஜனவரியில்தான் பெங்களூரு கோரமங்கலா வழியாக இந்தியாவுக்குள் வந்தது. அவர்கள் வித்தை பன்னில் இருக்கிறது. பிரியோஷ் என்பார்கள், நம் பேக்கரி பட்டர் பன்னுக்குப் பெரியப்பா மகன், வெளிநாட்டில் செட்டில் ஆனவன். பர்கர் கிங்குக்குப் பொரித்த கோழிக்கென்று நான் போவதில்லை. அது தணலில் மாட்டைச் சுட்டுப் பெயர் வாங்கிய கடை. 2014இல் டெல்லியில் திறந்தபோது மாட்டை எல்லையிலேயே விட்டுவிட்டு, வொப்பர் என்ற தன் பர்கரைக் கோழியாகவும் ஆட்டுக்கறியாகவும் மாற்றிக்கொண்டு வந்தது.

ஆக, செதிலுக்கு ஜிங்கர், பன்னுக்கு போப்பைஸ். இரண்டில் ஒன்று என்றால் என் ஓட்டு ஜிங்கருக்கு. எந்தக் கடையானாலும் பன்னின் விளிம்பைத் தாண்டிக் கறி எட்டிப்பார்க்க வேண்டும். முதல் இரண்டு கடிக்கு வெறும் பன்தான் வருகிறது என்றால் காசு அங்கே போய்விட்டது என்று அர்த்தம்.

இன்னொன்று. வாயை அவ்வளவு அகலமாகத் திறந்து சாப்பிடுவதை அவங்க முதல் மாதமே பார்க்க வேண்டுமா? இரண்டாகப் பிளந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

வாரக் கடைசியில் சென்னையிலிருந்து ஊருக்கு வரும்போது பிள்ளைகளுக்கு வாங்கி வருகிறேன். வீடு வந்து பிரித்தால் ஊறிப்போய் இருக்கிறது. என்ன வழி?
– ஐ.டி. ஊழியர், விழுப்புரம்

இதற்காகவே ஒரு சோதனை செய்தேன். சென்னையில் மூன்று கடைகளில் மூன்று பொட்டலம் வாங்கினேன். கடைகளின் பெயர் வேண்டாம். தப்பு என் மேல். ஏசி போட்ட காரின் பின்சீட்டில் வைத்துக்கொண்டு பரனூர், ஆத்தூர் தாண்டி, மூன்றாவது டோல்கேட்டான விக்கிரவாண்டியில் ஓரங்கட்டினேன். 150 கிலோமீட்டர் பக்கம், மூன்று மணி நேரம்.

முதல் பொட்டலத்தைப் பிரித்தால் பன்னின் அடித்தோல் காகிதத்தோடேயே வந்துவிட்டது. இரண்டாவதில் செதிலெல்லாம் கறியை விட்டுக் கழன்று, ரசத்தில் விழுந்த அப்பளமாகக் கிடந்தது. மூன்றாவதில் லெட்டூஸ் இலை, காலையில் வைத்த பூ ராத்திரி கொண்டையில் தொங்குகிற மாதிரி. கறி மட்டும் மூன்றிலும் நன்றாகத்தான் இருந்தது. டயர் பார்த்துக்கொண்டிருந்த லாரிக்காரர் ஒருவர், "என்ன சார், வெச்சு வெச்சு முகர்ந்து பாக்கறீங்க?" என்றார்.

காரணம் ஆவி. பொரிக்கும்போது மேல்தோலின் தண்ணீர் எல்லாம் வெளியேறித்தான் மொறுமொறுப்பு வருகிறது. உள்ளே கறி ஈரமாகவும் சூடாகவும் இருக்கிறது. அந்த ஈரம் வெளியே வர வழி தேடும். பொட்டலத்தை இறுக மூடினால் அது தோலில் உட்காரும், காகிதத்தில் பட்டுத் தண்ணீராகிப் பன்னில் சொட்டும், மயோனைஸும் இலையும் தங்கள் பங்கைச் சேர்க்கும். சூடு ஆறக்கூடாது என்று இறுக்கிச் சுற்றுகிறோமே, அங்கேதான் கெடுகிறது.

மயோனைஸையும் இலையையும் தனியாகக் கேளுங்கள். கறியும் பன்னும் தனித்தனிப் பொட்டலம். பையின் வாய் திறந்திருக்கட்டும். கார் நாலு நாளைக்கு மணக்கும், அதற்கு மருந்தில்லை. வீட்டில் தோசைக்கல்லை அடுப்பில் போட்டு, எண்ணெய் விடாமல் கறியை இருபுறமும் திருப்பி, கடைசியில் பன்னைக் கவிழ்த்துச் சூடு காட்டுங்கள். கடையில் சாப்பிட்ட அளவுக்கு வராது. முக்கால்வாசி வரும்.

பன்னைத் தூக்கிப்போட்டுவிட்டு கறியை மட்டும் சாப்பிடலாமா?
– சர்க்கரைக்காரர், செஞ்சி

2010இல் கேஎஃப்சியே அமெரிக்காவில் இதைச் செய்தது. டபுள் டவுன் என்று பெயர். பன்னுக்குப் பதில் மேலும் கீழும் பொரித்த கோழித்துண்டு, நடுவில் பன்றிக்கறியும் சீஸும். உங்கள் டாக்டர் கண்ணில் இந்தப் பதில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் சைவம். நண்பர்களோடு போனால் என்ன செய்வது?
– வாசகி, திருவெண்ணெய்நல்லூர்

மெக்டொனால்ட்ஸில் சைவத்துக்கும் அசைவத்துக்கும் சமையல் பகுதி தனித்தனி. ஆலூ டிக்கி பர்கர் நமக்காகவே உண்டாக்கியது. ஆனால் கையில் மசால்வடையை வைத்துக்கொண்டு பன்னையும் பார்க்கும்போது எனக்கு எப்போதும் மசால்வடை பக்கம்தான் சாய்வு.

கேஎஃப்சி போர்டில் இருக்கிற தாத்தா நிஜ ஆளா, பொம்மையா? நாலு வழிச்சாலை வந்த பிறகு ஓட்டலை மூடியவன் கேட்கிறேன்.
– முன்னாள் ஓட்டல்காரர், விக்கிரவாண்டி பக்கம்

அண்ணே, இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன். நிஜ ஆள். ஹார்லண்ட் சாண்டர்ஸ். நாற்பது வயதில், 1930இல், கெண்டக்கி மாநிலத்து கார்பின் என்ற ஊரில் மெயின் ரோட்டோரம் பெட்ரோல் பங்க் எடுத்து நடத்தினார். பெட்ரோல் போட நின்றவர்கள் பசி என்றார்கள். தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே உட்காரவைத்துப் போட்டார். அப்படித்தான் ஓட்டல் ஆனது.

இரும்புச் சட்டியில் கோழி பொரிய அரை மணி நேரம் ஆகும். வழிப்போக்கன் அவ்வளவு நேரம் நிற்பானா? 1939 வாக்கில் பிரஷர் குக்கர் கைக்கு வந்தது. நம் வீட்டில் பருப்பு வேகவைக்கிற அதே தத்துவம். அவர் அதில் எண்ணெய் ஊற்றிக் கோழியைப் போட்டார். நேரம் பாதிக்கும் கீழே இறங்கியது. (நீங்கள் வீட்டுக் குக்கரில் இதைச் செய்துவிடாதீர்கள், வெடிக்கும்.) பதினோரு மூலிகை மசாலா என்பதைத்தான் எல்லாரும் பேசுகிறார்கள். எனக்கென்னவோ அந்தக் குக்கர்தான் ரகசியம். சாலையில் போகிறவனின் அவசரத்தைப் புரிந்துகொண்ட சமையல் அது.

பிறகு வந்தது பைபாஸ். புதிய நெடுஞ்சாலை ஊரை ஒதுக்கிவிட்டுப் போகும் என்று தெரிந்ததும் ஓட்டல் விலை இறங்கிவிட்டது. 1956இல் ஏலத்தில் விட்டார். கடன் அடைத்த பிறகு கையில் சேமிப்பும் மாதம் 105 டாலர் அரசுப் பென்ஷனும்தான். வயது 65 தாண்டியாயிற்று. 1952லேயே யூட்டா மாநிலத்தில் ஒரு நண்பரின் ஓட்டலுக்குத் தன் செய்முறையைக் கொடுத்திருந்தார். அதையே பிடித்துக்கொண்டு குக்கரையும் மசாலாவையும் காரில் போட்டுக்கொண்டு ஓட்டல் ஓட்டலாகப் போனார். நான் சொல்லித்தருகிறேன், நீ விற்கிற கோழிக்கு நாலைந்து சென்ட் கொடு என்பதுதான் பேச்சு. 1964இல் கம்பெனியை விற்றபோது விலை 20 லட்சம் டாலர்.

உங்கள் ஓட்டலில் ஞாயிற்றுக்கிழமை நாட்டுக்கோழிக் குழம்பு என்றால் கும்பகோணம் ரோட்டில் திரும்ப வேண்டிய வண்டிகூட நின்று சாப்பிட்டுவிட்டுப் போகும். அந்த மசாலா யார் கையில் இருக்கிறது இப்போது? அண்ணியிடமா? கேட்டு எழுதி வையுங்கள்.

சிக்கன் பன்னுக்காக அமெரிக்காவில் சண்டையே வந்ததாமே?
– வாசகர், மரக்காணம்

2019 ஆகஸ்ட். போப்பைஸ் நாடு முழுக்கத் தன் சிக்கன் சாண்ட்விச்சை இறக்கியது. இதில் பழம்பெருச்சாளி சிக்-ஃபில்-ஏ. ஜார்ஜியாக்காரர்கள், பன்னும் கோழியும் வெள்ளரி ஊறுகாயும் சேர்த்து 1960களிலிருந்து விற்பவர்கள். அவர்கள் ட்விட்டரில் 'அசல் நாங்கள்தான்' என்கிற தோரணையில் ஒன்று போட, போப்பைஸ் ஒரு நக்கல் பதில் போட, ஊரே வரிசையில் நின்றது. இரண்டே வாரத்தில் சரக்கு தீர்ந்துவிட்டது. மறுபடி விற்பனைக்கு வந்தது நவம்பர் 3. அது ஞாயிற்றுக்கிழமை. சிக்-ஃபில்-ஏ ஞாயிற்றுக்கிழமைகளில் கடை திறப்பதே இல்லை! எதிர்வீட்டுக்காரன் ஊரில் இல்லாத நாளாகப் பார்த்து மொய் விருந்து வைப்பது நமக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

பெரிய கம்பெனிக்காரன் எல்லாம் ரோட்டோரம் வந்துவிட்டால் என் கடை என்ன ஆகும்?
– சிக்கன் பக்கோடா கடைக்காரர், முண்டியம்பாக்கம்

ஒன்றும் ஆகாது. கான்ஃப்ளவரும் அரிசி மாவும் கலந்த உங்கள் தோல் நின்று பேசும். பன் இல்லை, மயோனைஸ் இல்லை, ஊறுவதற்கு நேரமும் இல்லை. நூறு கிராம் பொட்டலம் கடைவாசலைத் தாண்டுவதற்குள் காலி. நீங்களும் 1965இல் மவுண்ட் ரோடு புஹாரியில் ஆரம்பித்த சிக்கன் 65 பரம்பரைதான். சிவப்புச் சாயத்தை மட்டும் விட்டுவிடுங்கள். காஷ்மீர் மிளகாயே போதும்.

டீக்கடையில் பன் வாங்கி, கல்லில் வாட்டி, உங்கள் பக்கோடாவை நடுவில் வைத்து, வெங்காயம் தூவி எலுமிச்சை பிழிந்து சாப்பிட்டுப் பார்த்தேன். அபாரம், எலும்பு மாட்டுகிற வரை. "எலும்பில்லாம போட்டா என்னண்ணே?" என்று கேட்டதற்கு நீங்கள் சொன்ன பதிலை இங்கே அச்சிட முடியாது.

பஸ் மோட்டலில் பத்து நிமிஷம்தான் நிற்கும் என்கிறார்கள். பக்கத்துக் கண்ணாடிக் கடைக்குப் போய் பர்கர் வாங்கிவர நேரம் இருக்குமா?
– அடிக்கடி பயணி, உளுந்தூர்பேட்டை

கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். டிரைவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று பாருங்கள். அவருக்கு உள்ளே தனி மேசை, தனி கவனிப்பு. இலையில் இரண்டாவது ஆம்லெட் விழுந்தால் நீங்கள் ஓடலாம். மோர் வந்துவிட்டால் ஏறி உட்கார்ந்துவிடுங்கள்.